நான்காம் அறிகுறி நீக்கப்பட்ட வரலாறு

காரைக்குடிக்கும் குன்றக்குடிக்கும் இடையே, பிறருக்கு நன்மை செய்தே தீருவது என்று முடிவு செய்துவிட்ட பதினொரு பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களைத் தடுக்க அப்போது சட்டம் ஏதும் இல்லை, இப்போதும் இல்லை. அவர்கள் கூடி அமைத்த சங்கத்திற்கு 'முன்னறி நல மன்றம்' என்று பெயர். புற்றுநோயை அதன் தொடக்கத்திலேயே கண்டுகொள்ள வேண்டும். வட்டாரத்தில் ஒருவர்கூடக் காலந்தாழ்ந்து மருத்துவரிடம் போய் நிற்கக் கூடாது. இதுவே மன்றத்தின் நோக்கம். நோக்கத்தில் எவரும் குறை காண இயலாது. மன்றத்தாரும் அதைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி, போகும்போதும் வரும்போதும் பார்த்து மகிழ்ந்தார்கள்.

மதுரையிலிருந்து ஒரு மருத்துவர் ஏழு அறிகுறிகளை எளிய தமிழில் எழுதி அனுப்பியிருந்தார். அவற்றை ஊர் ஊராகச் சென்று சொல்லவும், கல்யாண மண்டபத்தில் நடக்கவிருந்த தொடக்க விழாவுக்கு ஆட்களை அழைக்கவும் அறிவிப்பாளர் குழந்தைவேலுவை அமர்த்தினார்கள்.

குழந்தைவேலுவின் குரலை அறியாத ஊர் அந்தப் பக்கத்தில் இல்லை. முகத்தை அறிந்தவர்கள் குறைவு. முத்தரசு என்பவரின் ஆட்டோவில் பின்னிருக்கையில் அமர்ந்துகொண்டு, மஞ்சுவிரட்டு, குடமுழுக்கு, மின்தடை, காணாமற்போன கறவை மாடு என்று இருபத்திரண்டு ஆண்டுகளாக அறிவித்து வந்தவர். கையில் கொடுத்த தாளில் இல்லாத ஒரு சொல்லை அவர் ஒலிபெருக்கியில் சொன்னதில்லை. தாளில் இருந்த ஒரு சொல்லை நம்பாமல் இருந்ததும் இல்லை. இந்தக் கதையில் அவர் செய்த பிழை அது ஒன்றுதான்.

சித்திரை மாதத்தின் கடைசி வியாழக்கிழமை மன்றத்தின் அறையில் ஒத்திகை நடந்தது. தலைவர் மெய்யநாதன் நடுநாயகமாக வீற்றிருந்தார். மலேசியாவில் முப்பது ஆண்டுகள் வணிகம் செய்து திரும்பியவர். எவருக்கும் தீங்கு நினையாதவர். தீங்கு என்று ஒன்று உண்டு என்பதையே நினைக்க விரும்பாதவர்.

குழந்தைவேலு தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படிக்கத் தொடங்கினார். ஆறாத புண், தொட்டால் தட்டுப்படும் கட்டி, விழுங்குவதில் தடை என்று மூன்றையும் கடந்து அடுத்ததற்கு வந்தார்.

"நான்கு. மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் குரல் கரகரப்பு."

அந்த வரியை அவர் கரகரத்த குரலில்தான் படித்தார். பதினொரு தலைகள் ஒருசேர நிமிர்ந்தன.

குழந்தைவேலு அதே வரியை மறுபடி ஒருமுறை வாய்க்குள் படித்துப் பார்த்தார். பிறகு தயங்கியபடி, "ஐயா, எனக்கே ஆறு வாரமா இப்படித்தான் இருக்கு. பங்குனித் திருவிழாவுக்கு மைக்குப் பிடிச்சதுல இருந்து. தண்ணி மாறிக் குடிச்சதுன்னு நெனச்சேன்," என்றார்.

பக்கத்தில் இருந்த உறுப்பினர் தம் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"வேலு, போயி வாயக் கழுவிட்டு வா," என்றார் தலைவர்.

அவர் போய் வாயைக் கழுவிவிட்டு வந்தார். குரல் மாறவில்லை.

அந்தப் பக்கத்தில் இந்த நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'அந்தச் சீக்கு' என்பார்கள். அதையும் வாசற்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். பெயரைச் சொன்னால், தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று எண்ணி அது வீட்டுக்குள் வந்துவிடும் என்று அச்சம். மன்றத்தார் படித்தவர்கள். ஆயினும் படிப்பை அவர்கள் வீட்டு வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வரும் வழக்கமுடையவர்கள்.

செயலாளர் சேவுகப்பெருமாள் தொண்டையைச் செருமினார். அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவர். "அண்ணே, இதுல ஒரு சிக்கல் இருக்கு. அறிவிக்கிற ஆளுக்கே அறிகுறி இருந்தா சனங்க என்ன நெனப்பாக? மன்றத்துக்குள்ளயே அந்தச் சீக்கு வந்துருச்சுன்னு பேசிருவாக. பெறகு கல்யாண மண்டபத்துல எடம் குடுப்பாகளா?"

"அப்ப வேற ஆளப் போட்டுருவமா?"

"பேனர்ல இவரு பேர அடிச்சாச்சுண்ணே. ஆள மாத்துறதவிட நாலாம் நம்பர எடுத்துர்றது சுளுவு. ஏழு ஆறானா என்ன கொறஞ்சு போயிரும்?"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அன்று மாலை நான்கு மணி பத்து நிமிடம் முதல், வட்டார எல்லைக்குள் குரல் கரகரப்பு அறிகுறியாக இருப்பது நின்றுபோயிற்று.

குழந்தைவேலுவுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. "ரொம்ப நன்றிங்கய்யா. ஒரு நிமிசத்துல பயந்தே போனேன்," என்றார்.

"பயப்படுத்துறதா நம்ம வேல?" என்றார் தலைவர் கனிவோடு.

அந்தக் கேள்வி உறுப்பினர்களின் மனத்தில் ஆழப் பதிந்தது. மறுவாரமே 'சொல் தூய்மைக் குழு' என்று ஒன்றை அமைத்தார்கள். எஞ்சிய ஆறு அறிகுறிகளும் அதன் முன் நிறுத்தப்பட்டன.

சமையல் பொறுப்பை ஏற்றிருந்த உறுப்பினர், "ஐந்நூறு பேருக்குப் பந்தி போடுற எடத்துல விழுங்க முடியலங்கிற பேச்சு என்னத்துக்கு? எம் பாயசத்தச் சொன்ன மாதிரி ஆயிரும்," என்று வருந்தினார். அது நீங்கியது. மச்சம் பெரிதாவதும் நிறம் மாறுவதும் எப்படித் தீய குறியாகும் என்று சாதகம் பார்க்கும் உறுப்பினர் கேட்டார். "மச்சம் வளந்தவன் கப்பலேறிப் போயி காசோட வருவான். அவனப் போயி ஆசுபத்திரிக்கு வரச் சொல்றீகளே!" காரணமின்றி உடல் எடை குறைதல் என்பது, பேனருக்கு உதவிய உடற்பயிற்சிக் கூடத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் என்று அறியப்பட்டது. இரத்தம் என்ற சொல்லைச் 'சிவப்பு' என்று மாற்றினார்கள். அது கட்சிக் கூட்டம்போல் ஒலிக்கிறது என்று அடுத்த வியாழனன்று அதையும் எடுத்தார்கள். கட்டி என்பதை மண்டப உரிமையாளர் தொலைபேசியிலேயே மறுத்துவிட்டார். கடைசியில் எஞ்சிய ஆறாத புண், துணைக்கு ஆளில்லாமல் நிற்பது அழகன்று என்பதால் தானாகவே விலகிக்கொண்டது.

குழந்தைவேலுவிடம் புதிய தாள் கொடுக்கப்பட்டது. அதில் இவ்வாறு இருந்தது: 'உடல் தொடர்பான நல்ல செய்திகள் பேசப்படும். அனைவரும் குடும்பத்துடன் வந்து சிறப்பிக்க வேண்டுகிறோம். மதிய உணவு உண்டு.'

ஒக்கூரில் ஆட்டோவை நிறுத்தி ஒரு பெண் விசாரித்தாள்.

"யாரு வீட்டுக் காதுகுத்துப்பா?"

"காதுகுத்து இல்லத்தா. உடம்பு சம்பந்தமா," என்றார் முத்தரசு.

"உடம்புக்கு என்னவாம்?"

"அதத்தான் சொல்லக் கூடாதுன்ருக்காக."

"சொல்லாம எப்பிடிய்யா வர்றது? புடவ எடுத்துட்டு வரணுமா, வெறுங்கையோட வரணுமா, அதையாச்சும் சொல்லுங்க."

குழந்தைவேலு தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்புறம் வெறுமையாக இருந்தது.

அவர் மனைவி பாண்டீஸ்வரிக்கு மன்றத்தின் தீர்மானங்களில் நம்பிக்கை இல்லை. அவளுக்கு நம்பிக்கை தன் காதுகளில் இருந்தது. "நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பனங்கல்கண்டு காக்கிலோ தீந்து போச்சு, மெளகு தீந்து போச்சு, ஒங்க தொண்ட மட்டும் அப்படியே இருக்கு. ஒரு டாக்டரப் பாத்தா என்ன?"

"மன்றத்துல எடுத்துட்டாக பாண்டி. அது இப்ப அறிகுறி இல்ல."

"அவுக தாள்ல இருந்து எடுத்தாக. ஒங்க தொண்டைல இருந்தா எடுத்தாக?"

அவள் தொல்லை பொறுக்காமல் அவர் மன்றத்தின் அலுவலறைக்குப் போனார். மருத்துவரிடம் அனுப்பும் பரிந்துரைப் படிவம் ஒன்று அங்கே இருந்தது. சேவுகப்பெருமாள் அதை எடுத்து, பெயர், தந்தை பெயர், நட்சத்திரம் எல்லாவற்றையும் அழகிய கையெழுத்தில் நிரப்பினார். 'அறிகுறி எண்' என்ற இடம் வந்ததும் பேனா நின்றது.

"நாலாம் நம்பரு இப்ப இல்லையே வேலு."

"வேற நம்பரு எதாச்சும் போட்டுக்கிரலாமா சார்?"

"அதான் ஒண்ணுமே இல்லையே. ஒண்ணாம் நம்பரு இருந்துச்சு, போன வியாழக்கெழம அதுவும் போயிருச்சு." செயலாளர் உண்மையாகவே வருந்தினார். வெகுநேரம் யோசித்து, அந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதினார். "எண் இல்லைன்னா அறிகுறி இல்லைன்னு அர்த்தம். அறிகுறி இல்லாதவுகளுக்குக் குடுக்க நம்மகிட்ட ஒரு சான்றிதழ் இருக்கு. அதத் தந்துர்றேன், வெறுங்கையோட போவாதீக."

தங்க நிற ஓரமிட்ட அந்தச் சான்றிதழைக் குழந்தைவேலு வீட்டுக்குக் கொண்டுவந்தார். பாண்டீஸ்வரி அதை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அரிசி களையப் போய்விட்டாள். அவள் பேசாமல் போவது வீட்டில் மழை வருமுன் காற்று நிற்பதைப் போன்றது.

வைகாசி கடைசியில், குன்றக்குடிச் சாலையிலுள்ள கல்யாண மண்டபத்தில் தொடக்க விழா நடைபெற்றது. மதுரை மருத்துவர் வர இயலாமல் இரண்டு பக்கக் கடிதம் அனுப்பியிருந்தார். அது சொல் தூய்மைக் குழுவின் பார்வைக்குப் போய் வந்தபின் 'அன்புடையீர்' என்பதும் 'வணக்கம்' என்பதும் எஞ்சின. செயலாளர் அவற்றை உருக்கமாகப் படித்தார். பலத்த கைதட்டல்.

வட்டாரச் செவிலியர் காளீஸ்வரிக்கு, மண்டபத்தின் பின்புறம், கை கழுவும் குழாய்களின் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். வருகிறவர்களுக்குச் சந்தனமும் கல்கண்டும் கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட பணி. நோயாளிகளின் பெயரை எழுத அவர் கொண்டுவந்திருந்த பேரேட்டின்மீது கல்கண்டுத் தட்டை வைத்துவிட்டார்கள்.

தலைவர் உரையாற்றினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! ஒரு கண்மாய்க் கரையிலே ஓர் ஆட்காட்டிக் குருவி இருந்தது. நரி வரும்போதெல்லாம் அது கத்தும். கத்தியவுடன் குஞ்சுகள் நடுங்கும், முட்டைகள் உருளும், நாரைகள் தூக்கம் கெடும். ஒருநாள் பறவைகள் எல்லாம் கூடி, 'தம்பி, நரியால் எங்களுக்கு வந்த பயத்தைவிட உன்னால் வந்த பயம் அதிகம்' என்று அன்பாக எடுத்துச் சொல்லின. குருவி உணர்ந்தது. அன்று முதல் வாய் திறக்கவில்லை. கண்மாய்க் கரையிலே ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதியைத்தான் இந்த மன்றம் உங்களுக்குக் கொண்டுவந்திருக்கிறது!"

மூன்றாம் வரிசையில் எலுமிச்சம்பழ வியாபாரி ஒருவர் எழுந்தார். "ஐயா, அந்த நரி என்ன ஆச்சு?"

தலைவர் குறிப்புத் தாளைப் பார்த்தார். "நரியைப் பற்றி இந்தக் கதையில் பேச்சே இல்லை," என்றார்.

அடுத்து, பிரசாரப் பணியாளர்களுக்குக் காப்புக் கட்டினார்கள். இது மன்றத்தாரின் சொந்தச் சிந்தனை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதுபோல் நல்ல காரியத்திற்கும் கட்டினால் என்ன என்று கேட்டு, ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், நாற்பத்தெட்டு ஊர் என்று வகுத்திருந்தார்கள். குழந்தைவேலுவின் வலக்கையில் மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றைத் தலைவரே கட்டினார். காப்புக் கட்டியவர் அதை அவிழ்க்கும்வரை எல்லை தாண்டக் கூடாது என்பது எல்லோரும் அறிந்த முறை. கிழக்கே தேவகோட்டை, மேற்கே திருப்பத்தூர் என்று எல்லையும் வாசிக்கப்பட்டது.

காப்புக் கட்டிய கையோடு குழந்தைவேலு நன்றி அறிவித்தார். குரல் அப்போது மரப்பலகையை இரம்பம் அறுப்பதுபோல் இருந்தது. கல்கண்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டுக் காளீஸ்வரி மேடையோரம் வந்து நின்றார். குழந்தைவேலு இறங்கியதும் மறித்தார்.

"அண்ணே, எத்தன நாளா இந்தக் கொரலு?"

"பங்குனியில இருந்து தாயி. ஆனா அது அறிகுறி இல்ல. சான்றிதழ் வச்சிருக்கேன்."

"அத மடிச்சுப் பெட்டிக்குள்ள வைங்க. பொகையில போடுவீகளா?"

"வெத்தலையோட. கொஞ்சமா."

காளீஸ்வரியின் முகம் மாறியது. "நாளைக்கே மதுரைக்குப் போங்க. பெரிய ஆசுபத்திரில கொழாய விட்டுத் தொண்டையப் பாத்துருவாக. ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். ஆனா பாத்துட்டுத்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லணும். பாக்காமச் சொல்லக் கூடாது."

குழந்தைவேலு வலக்கையை உயர்த்திக் காட்டினார். "இப்பத்தான கட்டுனாக."

"கையிலதான கட்டிருக்காக. சீக்கு கயிறப் பாத்துட்டா நிக்கும்?"

"எல்ல தாண்டுனா ஊருக்கு ஆகாது தாயி. நாப்பத்தெட்டு நாளுதான. அவுத்த மறுநாளே போயிருவேன்."

அவர் சொன்ன சொல் தவறாதவர். அதுதான் அச்சமாக இருந்தது.

விழா முடிந்திருந்தும், அதே தாளோடு நாற்பத்தெட்டு ஊர்களுக்கும் ஆட்டோ போயிற்று. பத்தாம் ஊரில் குரல் உடைந்தது. இருபதாம் ஊரில் சொற்களின் முதலெழுத்துகள் மட்டும் கேட்டன. முப்பதாம் ஊரில் முத்தரசு கைப்பேசியில் பழைய பதிவு ஒன்றைத் தேடி எடுத்து ஒலிக்கவிட்டார். குழந்தைவேலு பக்கத்தில் சும்மா அமர்ந்துவந்தார். தம் குரல் தம்மை விட்டுவிட்டு முன்னே போய் ஊருக்குள் நுழைவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இடையிடையே மூச்சு இழுக்கும்போது ஊதலில் காற்றுப் புகுந்தாற்போல் ஓர் ஓசை எழுந்தது.

"அண்ணே, என்ன சத்தம் அது? வண்டியா, நீங்களா?" என்று முத்தரசு கேட்டார்.

குழந்தைவேலு தம்மைச் சுட்டிக் காட்டினார். முத்தரசு அதன்பின் வழியெல்லாம் வண்டியைப் பற்றி மட்டுமே பேசினார்.

நாற்பத்தெட்டாம் நாள் ஆடியில் வந்து விழுந்தது. ஆடியில் காப்பு அவிழ்க்கலாமா என்று ஆராய ஒரு துணைக்குழு அமைந்தது. ஆவணி பிறக்கட்டும் என்றது. ஆவணி பிறந்த மூன்றாம் நாள் தலைவரின் பங்காளி வீட்டில் ஓர் இறப்பு. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும், அவருக்கோ தீட்டு. தீட்டுக் கழிந்ததும், பேரனைப் பள்ளியில் சேர்க்க அவர் மலேசியாவுக்குப் புறப்பட்டார். புறப்படுமுன் செயலாளரை அழைத்து, "வேலுவ நல்லாப் பாத்துக்கங்க. பாவம், தொண்டை கட்டிருக்கு," என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

ஆவணி முடியும் தறுவாயில் ஒரு பகலில், சோற்றுக்கு முன்னால் அமர்ந்த குழந்தைவேலு முதற்கவளத்தை விழுங்க முடியாமல் வெளியே எடுத்தார். இரண்டாவதையும் எடுத்தார். பாண்டீஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அரிவாள்மனையை இழுத்துப் போட்டு, அவர் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள்.

அவர் வேண்டாமென்று தலையசைத்தார்.

"சாமி கேட்டா எங்கிட்டக் கேக்கட்டும். மன்றம் கேட்டா வாசல்ல வந்து கேக்கட்டும். நான் வெளக்கமாத்தோட நிக்கிறேன்," என்றாள் அவள். கயிறு அறுந்தது. மஞ்சள் கிழங்கு சோற்றுக்குள் விழுந்தது. அதை எடுத்து வாசலில் எறிந்துவிட்டு, முத்தரசுவுக்குத் தொலைபேசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "மதுரைக்கு."

மதுரைப் பெரிய மருத்துவமனையில் வேறொரு மருத்துவர் குழாயை விட்டுப் பார்த்தார். சதையில் ஒரு துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று கணவனையும் மனைவியையும் அமரச் சொல்லிவிட்டு, தாமும் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார்.

"எத்தனை மாசமா இப்படி?"

"அஞ்சு மாசத்துக்கு மேல ஆச்சு சார்," என்றாள் பாண்டீஸ்வரி.

"ரெண்டாவது மாசம் வந்திருந்தா கதிர்வீச்சு மட்டும் வெச்சு, குரலையும் காப்பாத்தியிருக்கலாம்மா. இப்போ குரல்வளையையே எடுக்கணும். உயிரைக் காப்பாத்தப் பாப்போம். குரலு திரும்பாது." அவர் சோதனைத் தாளை மடித்து வைத்தார். "மூணு வாரத்துக்கு மேல கரகரப்பு இருந்தா வந்து காட்டணும்னு உங்க ஊர்ல யாரும் சொல்லலையா?"

"சொல்றதுக்குன்னு ஒரு மன்றமே இருக்கு சார்," என்றாள் அவள்.

குழந்தைவேலு பிழைத்தார். கழுத்தின் அடியில், காறையெலும்புகள் கூடும் பள்ளத்திற்குச் சற்று மேலே, ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவில் ஒரு துளை அவருக்கு மிஞ்சியது. இனி மூச்சு அதன் வழியேதான். மூக்கும் வாயும் இருந்தன. காற்று அவற்றை நாடவில்லை. துளையை மறைக்க மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொள்வார்.

மறு ஆண்டு வைகாசியில் மன்றத்தின் இரண்டாம் விழா நடைபெற்றது. குழந்தைவேலுவுக்கு 'முன்னறி முரசு' என்ற பட்டம் வழங்கப்போவதாக அழைப்பு வந்தது. பாண்டீஸ்வரி போகக் கூடாது என்றாள். அவர் ஒரு தாளில், 'கூப்பிட்டாக. போகாட்டி நல்லா இருக்காது' என்று எழுதிக் காட்டினார்.

அதே மண்டபம். ஐந்நூறு பேர். காளீஸ்வரியின் மேசையும் அதே குழாயடியில். செயலாளர் ஆண்டறிக்கை வாசித்தார்: நாற்பத்தெட்டு ஊர்களில் அறிகுறியுடன் மன்றத்தை அணுகியவர் எண்ணிக்கை, சுழி. வட்டாரத்தில் அந்தச் சீக்கு அறவே இல்லை என்பது இதனால் நிறுவப்பட்டது. தலைவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"நம் குழந்தைவேலு தம் குரலையே இந்த மன்றத்திற்கு ஈந்தார்," என்று அவர் பேசினார். "கேட்டு வாங்கவில்லை நாம். அவராகத் தந்தார். அந்தக் குரல் இன்றும் நம் ஆட்டோவில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. பேசாமல் இருப்பதிலே உள்ள பெருமையை அவரைப் பார்த்து இளைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்."

சேவுகப்பெருமாள் தலைவரின் காதோரம் குனிந்து, "அண்ணே, அந்த ஓட்ட தெரியாம நல்லா இறுக்கிப் போத்திருங்க. போட்டோல நல்லா இருக்காது," என்றார்.

சரிகை நெருங்கிய கனமான பொன்னாடை. தலைவர் அதைக் குழந்தைவேலுவின் கழுத்தைச் சுற்றி ஒருமுறை போர்த்தி, பாசம் மிகுந்து இரண்டாம் முறையும் சுற்றி, முனையைச் செருகினார். ஒலிபெருக்கியில் பழைய பதிவு முழங்கத் தொடங்கியது: 'அனைவரும் குடும்பத்துடன் வந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்…'

"அப்படியே நில்லுங்க. இன்னொண்ணு எடுத்துக்கிறேன்," என்றார் படம் பிடிப்பவர்.

குழந்தைவேலுவின் கைகள் எழுந்தன. வணங்குகிறார் என்று எண்ணி எல்லோரும் கைதட்டினார்கள். அவர் கண்கள் பெரிதாயின. முகம் கறுத்தது. கைதட்டல் வலுத்தது. தலைவர் அந்தக் கைகளைப் பற்றி இறுக்கிக் குலுக்கினார்.

"மூச்சு அங்குட்டுத்தான்யா விடுறாரு!" என்று கீழிருந்து பாண்டீஸ்வரி அலறினாள். "எடுங்கய்யா அத! ஏங்க, பிச்சு எறிங்க!"

குழந்தைவேலு தலைவரின் பிடியை உதறினார். பொன்னாடையை இரு கைகளாலும் கிழித்து இழுத்தார். அதனோடு வெள்ளைத் துணியும் வந்துவிட்டது. திறந்த துளையின் வழியே காற்று உள்ளே பாய்ந்தது. முன்னால் இருந்த மைக் அந்த ஓசையை எடுத்து மண்டபத்தின் நான்கு சுவர்களுக்கும் கொண்டுபோயிற்று. ஆழ்துளைக் கிணற்றில் கல் விழும்போது வருமே, அதைப்போன்ற ஓசை. ஒருமுறை. மறுபடி ஒருமுறை. மறுபடி.

முத்தரசு பதிவை நிறுத்திவிட்டார். ஐந்நூறு பேரும் அந்தத் துளையைப் பார்த்தார்கள். தலைவர் மட்டும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வரிசையில் எலுமிச்சம்பழ வியாபாரி மெல்ல எழுந்தார். அவர் மேடையைக் கேட்கவில்லை. பின்புறம் திரும்பிக் கேட்டார்.

"சிஸ்டரு, அவருக்கு மொதமொதல்ல என்ன செஞ்சுச்சு?"

"தொண்ட கரகரன்னு இருந்துச்சு," என்றார் காளீஸ்வரி. "அம்புட்டுத்தான்."

"வலி?"

"வலியெல்லாம் இல்ல. மூணு வாரத்துக்கு மேல இருந்தா காட்டணும். அவரு வந்தது அஞ்சு மாசத்துக்குப் பெறகு. வாயில ஆறாத புண்ணு, மாருல கட்டி, சம்பந்தமில்லாம ரத்தம் பட்டா அதுவும் அப்பிடித்தான். எல்லாம் அந்தச் சீக்காத்தான் இருக்கணும்னு இல்ல. வந்து பாத்துட்டா நிம்மதியாப் போயிறலாம்."

வியாபாரி தம் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். செருமினார். குரல் சரியாகவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குழாயடி மேசையை நோக்கி நடந்தார். அவர் பின்னால், சேலைத் தலைப்பை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி ஒரு பெண் எழுந்தாள். அவளைத் தொடர்ந்து ஒரு பெரியவர், கன்னத்தின் ஒரு பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு. பிறகு இருவர். பிறகு எண்ண முடியவில்லை. காளீஸ்வரி கல்கண்டுத் தட்டைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுப் பேரேட்டைத் திறந்தார்.

வரிசை நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு வளர்ந்து வாசல்வரை போயிற்று. மேடையில் நின்ற தலைவர் மெய்யநாதன், ஒருவாறு விளங்கிக்கொண்டவராய் மைக்கைப் பற்றினார்.

"அன்பர்களே, தப்பா நிக்கிறீக! பந்தி அங்குட்டு இருக்கு, அங்குட்டு! இங்குட்டு ஒண்ணுமே இல்ல!"

ஒருவரும் நகரவில்லை.